நொடிக்கு ஐந்நூறு பேர்

எங்கள் கம்பெனியில் கம்ப்யூட்டரை ஓட்டுகிறவர்கள் மாடியில் இருக்கிறார்கள். அது நின்றுபோனால் திட்டு வாங்குகிறவன் கீழே இருக்கிறேன். பெயர் ஸ்தமாதிஸ். வோலோஸ் துறைமுகத்திலிருந்து ஸ்கியாதோஸ், ஸ்கோபெலோஸ், அலோனிசோஸ் தீவுகளுக்குப் போகும் கப்பல்களுக்கு நாங்கள் டிக்கெட் விற்கிறோம். தொலைபேசியில் பதில் சொல்வது என் பிழைப்பு.

ஆகஸ்ட் மாதத்து இருக்கைகளை மார்ச் கடைசியில் ஒரு திங்கள்கிழமை காலை பத்து மணிக்குத் திறந்துவிடுவோம். லாரிசாக்காரன், ஏதென்ஸ்காரன், ஜெர்மனியில் வேலைக்குப் போன தீவுக்காரன் எல்லாரும் அந்த ஒரே நேரத்தில் பொத்தானை அழுத்துவார்கள். போன வருஷம் அழுத்தினார்கள், திரை உறைந்துபோயிற்று. மதியம் வரைக்கும் நான் ரிசீவரைக் கீழே வைக்கவே இல்லை. லாரிசாவிலிருந்து ஒரு வக்கீல் என் மூன்று தலைமுறையை இழுத்துத் திட்டினார். அதுவும் இலக்கணப் பிழையில்லாமல், நிறுத்தி நிதானமாக. அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் என் மனைவி ஏதோ கேட்டாள். "தங்கள் அழைப்புக்கு நன்றி" என்று பதில் சொல்லியிருக்கிறேன்.

முதலாளி அசிமினா அம்மா அதை மறக்கவில்லை. படகுத்துறையில் ஒரு குடையின் கீழ் உட்கார்ந்து கையால் டிக்கெட் கிழித்துக் கொடுத்துத் தொழிலைத் தொடங்கியவர் அவர். "இந்த வருஷம் இப்படி ஆச்சுன்னா மறுபடியும் குடையை விரிச்சுடுவேன்" என்று சொல்லிப் புது சர்வர் ஒன்றை வாங்கிப் பின்னறையில் வைத்தார். அதைச் சோதித்துப் பார்க்கும் வேலை லாம்ப்ரோஸுக்குப் போயிற்று.

லாம்ப்ரோஸ் கம்பெனியின் முதல் புரோகிராமர். பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு. அவன் மாடியில் தும்மினால் கீழே என் பேனா உருளும். போன இலையுதிர் காலத்தில் அவனே சிபாரிசு செய்து கொண்டுவந்தவள்தான் ஸ்மாரோ. தெஸ்ஸலோனிக்கியில் ஒரு வங்கியில் தரவுத்தளங்களைக் காவல் காத்தவள். அவள் கல்யாணத்தில் மணமக்கள் தலையில் முடிசூட்டி மாற்றிவைத்தவன் லாம்ப்ரோஸ். அப்படி மணமுடியை மாற்றியவனைக் கும்பாரோஸ் என்போம். கூடப் பிறந்தவனுக்கு ஒரு படி மேல். ஆகையால் அவன் அவளைக் "கும்பாரா" என்பான், அவள் அவனைக் "கும்பாரே" என்பாள். இரண்டும் சேர்ந்துவிட்டால் மாடியில் மீன் சந்தைதான்.

சோதனை முடிந்த அன்று லாம்ப்ரோஸ் ஒரு பெரிய வர்ணப் படத்தை அச்சடித்து மாடிப்படிச் சுவரில் ஒட்டினான். ஈஸ்டருக்கு முந்திய நோன்புக் காலமாக இருந்ததால் எல்லாருக்கும் அல்வா வாங்கி வந்திருந்தான்.

"நொடிக்கு நாலாயிரம் டிக்கெட்! ஒரு டிக்கெட்டுக்கு நாலு மில்லிசெகண்ட். ஸ்தமாதி, நீ கண்ணை ஒரு தடவை மூடித் திறக்கறதுக்குள்ள ஒரு கப்பலே நிரம்பிடும்" என்று என் முதுகில் ஒன்று வைத்தான். அல்வா தொண்டையில் மாட்டிக்கொண்டது.

ஸ்மாரோ படத்தின் முன்னால் நின்று அல்வாவை மென்றபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சராசரி இருக்கட்டும். ரொம்ப நேரம் காத்திருந்தவன் எவ்வளவு நேரம் காத்திருந்தான்?"

"ரெண்டு செகண்ட். ஆனா அது மொத்தமே எண்பது பேரு, கும்பாரா. பதினோரு லட்சத்துல எண்பது. அதெல்லாம் ஒரு கணக்கா?"

"எத்தனை ஆளை வெச்சு ஓட்டினே?"

"பதினாறு பொய் ஆளுங்க. ஒருத்தன் டிக்கெட் வாங்கின அடுத்த கணமே திரும்பி வந்து இன்னொண்ணு கேப்பான். அஞ்சு நிமிஷம் மூச்சு விடாம."

"உன் பதினாறு பேரும் ரொம்பத் தங்கமானவங்க" என்றாள் ஸ்மாரோ. "கடை ரெண்டு செகண்ட் சாத்தியிருந்தா வாயைப் பொத்திக்கிட்டு நிக்கறாங்க. அவங்க நிக்கற வரைக்கும் பின்னால வேற யாரும் வர்றதில்ல. நிஜத்துல அப்படியா? ஏதென்ஸ்ல இருக்கறவன், முன்னால போனவன் டிக்கெட் வாங்கிட்டானான்னு விசாரிச்சுட்டா பொத்தானை அமுக்கறான்? கடை சாத்தியிருந்தாலும் ஜனம் வந்துகிட்டேதான் இருக்கும்."

"அதுக்கு?"

"முழு வேகத்துல ஓட்டாதே. நொடிக்கு ஐந்நூறு பேர்னு அளவு வெச்சு ஓட்டு. உள்ளே என்ன நடந்தாலும் ஐந்நூறு பேர் வந்துகிட்டே இருக்கணும். போன வருஷம் நமக்கு வந்த கூட்டம் அதுதான்."

லாம்ப்ரோஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "நாலாயிரத்தைத் தூக்கினவனுக்கு ஐந்நூறு மூக்குப்பொடி! தும்மிட்டுப் போயிடும்."

"பந்தயமா?"

"பந்தயம். என்ன வேணும்?"

இருவரும் சுற்றுமுற்றும் பார்த்தார்கள். இரண்டு பேர் கண்ணும் என் மேல் வந்து நின்றது.

"தோத்தவங்க, டிக்கெட் திறக்கற அன்னிக்கு ஸ்தமாதிஸ் நாற்காலியில உட்கார்ந்து போன் எடுக்கணும்" என்றாள் ஸ்மாரோ.

லாம்ப்ரோஸ் முகம் ஒரு கணம் சுருங்கியது. ஆனால் எல்லார் முன்னாலும் பின்வாங்க முடியுமா? கை கொடுத்தான். யார் தோற்றாலும் ஜெயிப்பவன் நான்தான் என்று புரிந்ததும் இன்னொரு துண்டு அல்வா எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் அவள் ஓட்டினாள். விடையைக் கேட்டு மாடி அதிர்ந்தது. சராசரி தாமதம் நாலு இல்லை, நாற்பது.

"கேட்டியா ஸ்தமாதி!" என்று லாம்ப்ரோஸ் படியிலேயே நின்று கீழே கத்தினான். "சுமை எட்டுல ஒரு பங்கு, தாமதம் பத்து மடங்கு! கழுதை முதுகுலேர்ந்து மூட்டையை இறக்கினா கழுதை நொண்ட ஆரம்பிச்சுடுச்சாம்! இவளோட டெஸ்ட்டே கோளாறு."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. கூட்டம் குறைந்தால் காத்திருப்பும் குறையத்தானே வேண்டும்?

அன்று மாலை முழுக்க அவன் சோதனைக் கருவியின் கையேட்டைப் படித்தான். அதற்கு அடுத்த நாள் காலையில் வெற்றி வீரனாக வந்தான். "பிடிச்சுட்டேன் கும்பாரா. உன் கருவி ஏமாத்துது. ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் அது முன்கூட்டியே ஒரு நேரம் குறிச்சு வெச்சிருக்கு. டேட்டாபேஸைக் கேட்ட நேரத்துலேர்ந்து எண்ணாம, கேட்டிருக்க வேண்டிய நேரத்துலேர்ந்து எண்ணுது. பதினாறு ஆளும் வேலையா இருந்தா, பதினேழாவது ஆள் வெளியில நிக்கற நேரத்தையும் சேர்த்துடுது. அந்த வெளியில நின்ன நேரத்தைக் கழிச்சுட்டா எவ்வளவு வருது தெரியுமா? மூணு! என்னோடதை விடக் கம்மி!"

"ஏன் கழிக்கணும்?" என்றாள் ஸ்மாரோ.

"இன்னும் கேக்கவே இல்லாத கேள்விக்கு டேட்டாபேஸ் எப்படிப் பொறுப்பு?"

"வெளியில நிக்கறவன் நிக்கலைன்னு ஆயிடுமா?"

"அவன் நிக்கறது உன் வாசல்ல. என் கடைக்குள்ள இல்ல."

"வாசலும் கடையோடதுதான் கும்பாரே!"

வெள்ளிக்கிழமை மதியம் அசிமினா அம்மா எல்லாரையும் கடற்கரையில் சிபுரோ என்கிற திராட்சைச் சாராயம் விற்கும் ஒரு கடைக்கு அழைத்துப்போனார். எங்கள் ஊரில் அந்தச் சாராயத்தைக் குட்டி பாட்டிலில் கேட்டால், ஒவ்வொரு பாட்டிலோடும் ஒரு புதுத் தட்டு தொடுகறி தானாக வரும். அம்மா நோன்பு. இறைச்சியும் மீனும் தொடக்கூடாது, ரத்தமில்லாத கடல் ஜீவன்கள் பரவாயில்லை. அதனால் ஆக்டோபஸ், இறால், பருப்பு மசியல் என்று வரவேண்டும். ஆனால் அன்றைக்குக் கடை நிரம்பி வழிந்தது. பரிமாறுகிற தியமந்திஸ் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. லாம்ப்ரோஸ் கையைத் தூக்கினான், விசிலடித்தான், கடைசியில் நாப்கினைக் கொடியாக்கி ஆட்டினான். பசியில் என் வயிறு பாட ஆரம்பித்த பிறகு தியமந்திஸ் வந்தான். சொன்னதை எழுதிக்கொண்டு போனான், திரும்பினான், தட்டுகள் மேஜையில் இருந்தன.

"எப்படி நம்ம வேகம்?" என்றான் தியமந்திஸ். "சொன்னதும் வந்துடுச்சா இல்லையா?"

"வேகமா?" லாம்ப்ரோஸ் பொங்கிவிட்டான். "அரை மணி நேரமா கையைத் தூக்கித் தூக்கி என் தோள்பட்டையே கழண்டுபோச்சு, தியமந்தி!"

"அது நீங்க கேக்கறதுக்கு முன்னாடி அண்ணே. நீங்க கேட்டதுக்கு அப்புறம் ரெண்டே நிமிஷம். நான் கேட்டதுலேர்ந்துதானே எண்ண முடியும்?"

ஸ்மாரோ ஆக்டோபஸ் கால் ஒன்றை முள்கரண்டியில் குத்தி எடுத்து, லாம்ப்ரோஸைப் பார்த்தபடி மெதுவாக மென்றாள். அதுதான் தப்பாகப் போய்விட்டது. நான் சிரித்தேன், அசிமினா அம்மா சிரித்தார், தியமந்திஸ் காரணம் தெரியாமலே சிரித்தான். லாம்ப்ரோஸின் காது சிவந்தது.

"ஹோட்டல் வேற, டேட்டாபேஸ் வேற" என்றான்.

"சரி, ரெண்டு பேரும் சொல்றதைக் கேட்டுட்டேன்" என்றார் அசிமினா அம்மா. "ஒருத்தர் நாலுங்கறீங்க, ஒருத்தர் நாற்பதுங்கறீங்க. பின்னறையில இருக்கறது ஒரு மெஷினா ரெண்டு மெஷினா? எனக்கு என்ன செய்யணும்னு சொல்லுங்க."

"ஒண்ணும் செய்ய வேண்டாம்" என்றான் லாம்ப்ரோஸ்.

"இந்த மெஷின் தாங்காதும்மா. இதைவிடப் பெருசா ஒண்ணு வாங்கணும்" என்றாள் ஸ்மாரோ.

"புதன்கிழமைக்குள்ள ரெண்டு பேரும் ஒரே பேச்சா வாங்க" என்று சொல்லிவிட்டு அம்மா பருப்பு மசியலில் ரொட்டியைத் தோய்த்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை லாம்ப்ரோஸ் ஸ்மாரோ வீட்டுக்குச் சாப்பிடப் போகவில்லை. அவன் தனி ஆள். அவள் வோலோஸுக்கு வந்ததிலிருந்து ஞாயிறு மதியம் அவனுக்கு அங்கேதான் தட்டு. திங்கள்கிழமை காலையில் அவன் அவளைத் "திருமதி ஸ்மாரோ" என்று கூப்பிட்டது எனக்குக் கீழே வரை கேட்டது. சண்டை போட்டபோது கூட எனக்கு இவ்வளவு சங்கடமாக இல்லை. மாடி மயான அமைதி. யாரும் தும்மக்கூட இல்லை.

பத்து மணிக்கு ஒரு தபாலைக் கொடுக்க மேலே போனேன். லாம்ப்ரோஸின் மேஜையில் ஒரு டப்பா இருந்தது. சோறு அடைத்துச் சமைத்த கணவாய். ஸ்மாரோ எதிர் மேஜையில் தன் திரைக்குள் தலையை விட்டிருந்தாள். அவன் டப்பாவைப் பார்த்தான், மூடினான், மறுபடி திறந்து மோந்து பார்த்தான். காலையிலேயே நின்றபடி முழுதையும் தின்றான்.

"உப்பு கம்மி" என்றான்.

"நேத்து வந்திருந்தா சூடா இருந்திருக்கும். உப்பும் போட்டிருப்பேன்."

அவன் வாயைத் துடைத்துக்கொண்டு தன் நாற்காலியை உருட்டிக்கொண்டு போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"சரி, காட்டு. சராசரியைக் காட்டாதே. சராசரியை வெச்சுத்தான் ரெண்டு பேரும் அடிச்சுக்கறோம். வெளியில நின்ன நேரத்தைத் தனியா எடு. அது எப்ப எப்ப எவ்வளவு இருந்ததுன்னு வரிசையா கோடு போடு."

"அதைக் கழிக்கணும்னு சொன்னவர் இப்போ அதைப் பார்க்கணும்கறாரா?"

"கழிக்கறதுக்கும் முன்னால பார்க்கணும் இல்லியா? போடு கும்பாரா."

கும்பாரா என்ற அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. தபாலைக் கொடுத்துவிட்டுப் போகாமல் நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

அவள் கோடு போட்டாள். கோடு தரையோடு தரையாக ஓடியது. பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். திடீரென்று செங்குத்தாக இரண்டு செகண்ட் உயரத்துக்கு எழுந்தது. எழுந்த வேகத்தில் சரிந்து மறுபடி தரைக்கு வந்தது. பிறகு நெடுந்தூரம் பூஜ்யம். மறுபடி ஒரு எழுச்சி. பல் விழுந்த சீப்பு மாதிரி இருந்தது.

"நிமிஷத்துக்கு ஒண்ணு" என்றான் லாம்ப்ரோஸ். குரலில் கேலி இல்லை. "சரியா நிமிஷத்துக்கு ஒண்ணு."

"அந்த ரெண்டு செகண்ட்ல ஆயிரம் பேர் வந்து குவிஞ்சுடறாங்க" என்றாள் ஸ்மாரோ. "உன் டெஸ்ட்ல பதினாறு பேர்தான் மாட்டினாங்க. ஏன்னா உன்கிட்ட இருந்ததே பதினாறு பேர்தான். அஞ்சு தடவை நின்னுது, அஞ்சு பதினாறு எண்பது. நிஜத்துல அஞ்சு தடவைக்கு ஐயாயிரம்."

லாம்ப்ரோஸ் தலையைச் சொறிந்தான். "ஒத்துக்கறேன். என் பதினாறு பேரும் வாசலை மறைச்சுக்கிட்டு நின்னுட்டாங்க. பின்னால கூட்டம் இருந்திருக்கும்னே நான் யோசிக்கலை."

அவன் அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டது அவளை என்னவோ செய்திருக்கவேண்டும். திரையை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தன் நெற்றியில் தானே தட்டிக்கொண்டாள்.

"நானும் உளறியிருக்கேன் கும்பாரே. மெஷினுக்குத் தெம்பு இல்லைன்னா இந்தக் கோடு ஏறிக்கிட்டே போயிருக்கணும். வர்ற கூட்டம் தீராம வெளியில சேர்ந்துகிட்டே இருக்கும். இது அப்படியா இருக்கு? கதவு திறந்ததும் ஆயிரம் பேரையும் ஒரு மூச்சுல உள்ளே தள்ளிட்டு மறுபடி சும்மா உட்கார்ந்துடுது. மெஷின் குதிரை மாதிரி இருக்கு. யாரோ நிமிஷத்துக்கு ஒரு தடவை அதோட கடிவாளத்தை இழுக்கறாங்க. நான் பாட்டுக்குப் பெரிய குதிரை வாங்குங்கன்னு சொல்லிட்டேன்."

"அம்மா நாளைக்கே வாங்கியிருப்பாங்க."

"வாங்கியிருந்தா அதுவும் நிமிஷத்துக்கு ஒரு தடவை நின்னிருக்கும்!"

இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். அப்புறம் திருடனைத் தேட ஆரம்பித்தார்கள். நகல் எடுக்கிற வேலையா? இல்லை, அது விடியற்காலையில் ஓடுகிறது. பழைய குப்பையைக் கூட்டிப் பெருக்கும் வேலையா? அதை நிறுத்திப் பார்த்தார்கள், சீப்பில் ஒரு பல்லும் குறையவில்லை. ஹார்ட் டிஸ்க்கைச் சந்தேகப்பட்டார்கள், கம்பியைச் சந்தேகப்பட்டார்கள். சர்வர் அறையில் ஃபேன் சுழல்வதைக் கூட லாம்ப்ரோஸ் முறைத்துப் பார்த்தான். செவ்வாய்க்கிழமையும் போயிற்று. புதன்கிழமை காலை, இன்னும் இரண்டு நாள் அவகாசம் கேட்கலாம் என்று இருவரும் அசிமினா அம்மாவின் அறைக்குப் போனார்கள். அம்மாவுக்குக் காபி கொண்டுபோன சாக்கில் நானும் பின்னாலேயே போனேன்.

ஸ்மாரோ மடிக்கணினியை அம்மாவின் மேஜையில் வைத்துச் சீப்பைக் காட்டிக்கொண்டிருந்தாள். சோதனை அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. "பாருங்கம்மா, இப்போ பூஜ்யம். இன்னும் கொஞ்ச நேரத்துல ஏறும். இதோ, இதோ... ஏறுது!"

அம்மா பார்க்கவில்லை. அவர் கண் எதிர்ச் சுவரில் இருந்தது. அங்கே ஒரு பெரிய திரை உண்டு. அவர் பெயருக்குரிய புனிதரின் திருநாளுக்கு, அதாவது அவருடைய பெயர் நாளுக்கு, லாம்ப்ரோஸ் செய்து கொடுத்த பரிசு. கம்பெனி தொடங்கியதிலிருந்து இதுவரை விற்ற டிக்கெட் எத்தனை என்று கொட்டை எழுத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். ஸ்மாரோ "ஏறுது" என்று சொல்லி முடிப்பதற்கும் திரையில் எண் மாறுவதற்கும் சரியாக இருந்தது.

"ஏறிடுச்சு" என்றார் அம்மா, சந்தோஷமாக.

லாம்ப்ரோஸ் திரையைப் பார்த்தான். மடிக்கணினியைப் பார்த்தான். மறுபடி திரையைப் பார்த்தான். அவன் முகம் வெளுத்தது, சிவந்தது, பிறகு உடம்பெல்லாம் குலுங்க ஆரம்பித்தது. எனக்குப் பயமாகிவிட்டது.

"லாம்ப்ரோ, என்னடா ஆச்சு? உட்காரு" என்றேன்.

அவன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். அழுகிறான் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தான்.

"நான்தான்! கும்பாரா, கடிவாளத்தை இழுக்கறவன் நான்தான்! எண்ணிக்கை ஒண்ணு கூடக் குறையக் கூடாதுன்னு, எண்ணி முடிக்கற வரைக்கும் யாரும் டிக்கெட் வாங்க முடியாதபடி பூட்டு போட்டு வெச்சேன். நிமிஷத்துக்கு ஒரு தடவை முதல் டிக்கெட்டுலேர்ந்து எண்ணுது! புது சர்வரை வெச்ச அன்னிக்கே இந்தத் திரையையும் அதுல மாட்டினேன். பழைய சர்வர்லயும் இதுதான் ஓடிக்கிட்டு இருந்தது..."

அவன் சட்டென்று நிறுத்தினான். எல்லாரும் ஒரே நேரத்தில் போன வருஷத்தை நினைத்துக்கொண்டோம். பழைய சர்வர் கிழம். அது இரண்டு செகண்டில் எண்ணி முடித்திருக்காது. நான் லாரிசா வக்கீலை நினைத்துக்கொண்டேன்.

"அந்தத் திரையை எடுத்துடலாம்மா" என்று லாம்ப்ரோஸ் எழுந்து நின்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்.

"தொட்டுப் பாரு, கையை ஒடிச்சுடறேன்" என்றார் அசிமினா அம்மா. "காலையில காபி குடிக்கறதே அதுல எண் ஏறறதைப் பார்த்துக்கிட்டுத்தான்."

"அம்மா, நீங்க ஒவ்வொரு மடக்கு குடிக்கும்போதும் ஆயிரம் பேர் வாசல்ல நிக்கறாங்க."

"நிக்காம பண்ணு. இவ்வளவு படிச்சிருக்கே, எனக்குத் தெரிஞ்சதை நானா உனக்குச் சொல்லணும்? குடைக்குக் கீழே உட்கார்ந்திருந்தப்ப ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் நான் முதல்லேர்ந்தா எண்ணினேன்? இருந்ததோட ஒண்ணு கூட்டிக்கிட்டேன்."

"அதைத்தான் செய்யப் போறோம்மா" என்று ஸ்மாரோ அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். "வா கும்பாரே, பூட்டை உடைக்கலாம்."

மதியத்துக்குள் முடித்துவிட்டார்கள். பூட்டு போயிற்று. விற்ற டிக்கெட்டை மட்டும் பழைய எண்ணோடு கூட்டிக்கொள்கிற மாதிரி எழுதினார்கள். பிறகு நொடிக்கு ஐந்நூறு பேரை விட்டார்கள். கோடு தரையைவிட்டு எழவே இல்லை. சராசரி இரண்டு. ரொம்ப நேரம் நின்றவன் முப்பது மில்லிசெகண்ட் நின்றான். ஆயிரம் பேரை விட்டார்கள், இரண்டாயிரம் விட்டார்கள். அப்போதும் கோடு படுத்தே கிடந்தது. லாம்ப்ரோஸ் ஆசை அடங்காமல் ஐயாயிரம் விட்டான். அப்போது மட்டும் கோடு மலையேறுகிற ஆடு மாதிரி மேலே மேலே போய்க்கொண்டே இருந்தது, இறங்கவே இல்லை.

"இதுதான் தெம்பு இல்லாத மெஷின்" என்றாள் ஸ்மாரோ. "இப்போ தெரியுதா வித்தியாசம்?"

"ஐயாயிரம் பேர் ஒரே நொடியில வந்தா ஸ்கியாதோஸ் தீவே முழுகிடும்" என்றான் அவன். சுவரில் இருந்த தன் வர்ணப் படத்தைக் கிழித்துவிட்டு அந்த இடத்தில் படுத்துக் கிடக்கும் கோட்டை ஒட்டினான். பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லாத படம். ஆனால் போகிற வருகிறவர்களையெல்லாம் நிறுத்திக் காட்டினான்.

பந்தயத்தில் யார் ஜெயித்தது என்பதில் மறுபடி சண்டை வந்தது. "கதவு சாத்திக்கும்னு நான் சொன்னேன், சாத்திக்கிச்சு" என்றாள் அவள். "மெஷின் தாங்கும்னு நான் சொன்னேன், தாங்குது" என்றான் அவன். வழக்கு அசிமினா அம்மாவிடம் போயிற்று.

"பெரிய மெஷின் வாங்கச் சொன்னவளும் தோத்தா, ஒண்ணும் செய்ய வேண்டாம்னவனும் தோத்தான்" என்று தீர்ப்புச் சொன்னார். "ரெண்டு பேரும் போன்ல உட்காருங்க. ஸ்தமாதிஸுக்கு லீவு."

அந்தத் திங்கள்கிழமை எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. ஒன்பதரைக்கே படகுத்துறைக்கு வந்துவிட்டேன். ராத்திரியே காற்று கிளம்பியிருந்தது. கடல் வெள்ளையாகக் கொதித்தது. துறைமுகக் காவல்படை எந்தக் கப்பலையும் விடக்கூடாது என்று தடை போட்டிருந்தது. மூன்று தீவுக் கப்பல்களும் கயிற்றில் கட்டிப்போட்ட எருமைகள் மாதிரி கரையோடு முட்டிக்கொண்டு நின்றன. நான் எங்கள் அலுவலகத்தின் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தேன். பத்து மணி அடித்தது.

லாம்ப்ரோஸும் ஸ்மாரோவும் மேஜை மேல் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கோடு எழவில்லை. ஆகஸ்ட் மாதத்து இருக்கைகள் ஜில்லென்று, சத்தமில்லாமல் விற்றுக்கொண்டே போயின. அம்மா தன் அறைக் கதவைத் திறந்து வைத்துத் திரையில் எண் ஓடுவதைப் பார்த்துக் கைதட்டினார். லாம்ப்ரோஸ் எழுந்து ஸ்மாரோவின் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தான்.

அப்போதுதான் தொலைபேசி அடிக்க ஆரம்பித்தது. அடித்தது என்றால் நிற்கவே இல்லை. நான் உள்ளே ஓடினேன்.

"இல்லீங்க, ஏமாத்தலீங்க" என்று லாம்ப்ரோஸ் வியர்த்து வழிந்தபடி சொல்லிக்கொண்டிருந்தான். "நிஜ டிக்கெட்தாங்க. ஆமாங்க, ஒரு நொடிதான் ஆகும். போன வருஷம் மதியம் வரைக்கும் ஆச்சு, சரிதாங்க. இந்த வருஷம் சீக்கிரம் வந்ததால பொய்யின்னு ஆயிடுமா?"

இன்னொரு போனில் ஸ்மாரோ. "ஆகஸ்ட் கப்பல் போகும் அண்ணே. இன்னிக்குக் கப்பல்தான் போகாது. காத்து ஒன்பதாம் எண் புயல் வேகத்துல அடிக்குது. எப்ப நிக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்? இல்லண்ணே, காத்துக்கு எங்க கம்பெனி பொறுப்பு இல்ல."

வைத்ததும் மறுபடி அடித்தது. தீவுக்குப் போகவேண்டியவர்கள், தீவிலிருந்து வரவேண்டியவர்கள், டிக்கெட் கிடைத்ததை நம்ப முடியாதவர்கள். லாம்ப்ரோஸ் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தான்.

"ஸ்தமாதி, ஸ்கோபெலோஸ்லேர்ந்து ஒருத்தர். ஈஸ்டருக்கு ஆட்டுக்குட்டி அனுப்பணுமாம். அதுக்கு முழு டிக்கெட்டா அரை டிக்கெட்டான்னு கேக்கறார். நான் என்ன சொல்ல?"

"உயிரோட வருதா, உரிச்சு வருதா?" என்றேன்.

அவன் கேட்டான். "உயிரோடவாம்."

"அப்போ சரக்குக் கட்டணம். கயிறு அவரோடது. மடியில வெச்சுக்கறேன்னு சொன்னா ஒத்துக்காதே, எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க."

சட்டையின் கையை மடித்து விட்டுக்கொண்டு மூன்றாவது நாற்காலியை இழுத்துப் போட்டேன். லீவு இன்னொரு நாள் எடுத்துக்கொள்ளலாம். ஸ்மாரோ என் பக்கம் ஒரு ரிசீவரைத் தள்ளினாள். காதில் வைத்ததும் மறுமுனையில் ஒரு பெண் யாரோ, காற்றுச் சத்தத்தோடு போட்டி போட்டுக்கொண்டு, அலோனிசோஸில் தன் மகளைக் கட்டிய மாப்பிள்ளை நேற்று ராத்திரியிலிருந்து மாட்டிக்கொண்டிருப்பதாகவும், அவன் இல்லாமல் வீடு நிம்மதியாக இருப்பதாகவும், காற்று இன்னும் இரண்டு நாள் அடிக்கும்படி ஏதாவது செய்ய முடியுமா என்றும் கேட்டாள்.